பெயரும் பாதையும்: தகவல்மைய வலையமைப்புப் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

தொழினுட்பத்தை வர்க்க நலன்களுக்கு அப்பாற்பட்டதாகக் கருதும் போக்கு எம்மிடையே இன்றும் வலுவாகவே உள்ளது. 2009 இல் வான் ஜேக்கப்சனும் சகாக்களும் பெயரிடப்பட்ட உள்ளடக்கம் குறித்து வெளியிட்ட ஆய்வுரையை இப்போக்கினர் விரும்பி வாசிப்பர். 'எங்கே' என்பதை விடுத்து 'எது' என வினவும் வலையமைப்பில் இடத்தின் ஆதிக்கம் ஒழிந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை.

நடைமுறையிலுள்ள இணையத்தில் வழிப்படுத்தலே சிந்திக்கிறது, முன்செலுத்தல் கீழ்ப்படிகிறது. ஓர் இணைப்பு அறுந்தால், வழிப்படுத்திகள் யாவும் புதிய உடன்பாட்டுக்கு வரும்வரை பொதிகள் தொலையலாம், சுழன்றுகொண்டேயும் இருக்கலாம். பெயர்வழி வலையமைப்பிலோ ஒவ்வொரு கோரிக்கையும் தான் கடந்த வழிப்படுத்தியின் நிலுவைப் பட்டியலிற் பதிவாகிறது. தரவு அதே தடத்தில் மீள்கிறது. உரிய காலத்துள் மீளாவிடின், முன்செலுத்தும் முனை தானே அதனை உணர்ந்து வேறு திசையை நாடும். கோரிக்கை தாங்கிவரும் எழுமாற்று எண் சுழற்சியைக் காட்டிக்கொடுத்துவிடுமாதலால், பல வழிகளை ஒருங்கே முயல்வதும் சாத்தியமாகிறது.

இதிலிருந்து வழிப்படுத்தலே வேண்டாததாயிற்று என முடிவுகட்டுதல் அவசரமாகும். 2014 இல் செங் யி, லிக்ஸியா சாங் முதலியோர் இவ்வினாவையே ஆராய்ந்தனர். வழிப்படுத்தல் தொடக்க வழிகளையும் அவற்றின் வரிசையையும் தருகிறது. முன்செலுத்தல் அவற்றை அனுபவத்தாற் சோதித்துக்கொள்கிறது. எனவே குறுகியகாலக் குழப்பங்களை வழிப்படுத்தல் துரத்தவேண்டியதில்லை. திட்டமும் நடைமுறையும் ஒன்றையொன்று திருத்தும் இயங்கியல் இதுவெனச் சில நண்பர்கள் மகிழக்கூடும். நாம் தயங்குகிறோம். முன்செலுத்தல் பெறும் அனுபவம் பெரும்பாலும் அம்முனையிலேயே தங்கிவிடுகிறது. வலையமைப்பின் பொது வரைபடத்தை அது திருத்துவதில்லை.

அதனினும் முக்கியமானது பெயரின் அமைப்பு. பெயர் படிநிலையுடையது, முன்னொட்டை அறிவித்தவரை நோக்கியே கோரிக்கை செல்கிறது. இடைவழிக் களஞ்சியத்திற் பிரதியிருப்பின் அங்கேயே விடை கிடைக்கும். இல்லையேல் உரியவர் வாயிலை அடைந்தேயாகவேண்டும். எண்ணிறந்த பெயர்களை எந்த அட்டவணையும் தாங்காது. ஆதலால் பெரும் வழங்குநரின் முன்னொட்டுகளின்கீழ் அவற்றைத் திரட்டும் யோசனைகள் எழுந்துள்ளன. முன்வாசலால் வெளியேறிய இடம் வழங்குநரின் பெயர்பூண்டு பின்வாசலால் நுழைகிறது! பிரதிகளைத் தேக்கும் களஞ்சியம் எவருடைமை என்ற வினாவும் உடன்வருகிறது. ஜேக்கப்சன் பணியாற்றிய பார்க் ஆய்வுகூடத்தின் உள்ளடக்கமைய மென்பொருளை 2017 இல் சிஸ்கோ நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதனடியான நிரல் பின்னர் திறந்த மூலமாக வெளிவந்தது உண்மையே. ஆயினும் அந்நிரல் இயங்கவேண்டிய வழிப்படுத்திகளை விற்பதும் அந்நிறுவனமே.