கழுகுக்குப் பக்கத்தில் ஒரு கத்தி

சேலத்தில் ஒரு காட்டுயிர்ப் புகைப்படக் கண்காட்சி. ஒரு படத்தின் முன்னால் கூட்டம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எடுத்தது: செத்த மாட்டின்மேல் இறக்கை விரித்த பிணந்தின்னிக் கழுகு. கீழே 'மனிதக் கால் படாத வனம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாட்டை வளர்த்தது யாரு, கழுகா?

நான் கழுகை லென்ஸ் வழியாகப் பார்த்தவனில்லை. எழுபதுகளில், ராசிபுரம் பக்கம் எங்க ஊரில் மாடு செத்தால் வளவுக்கு ஆள் வரும். எங்கய்யன் இழுத்துப்போய் ஓடைப் பொறம்போக்கில் போட்டுத் தோல் உரிப்பார். கழுகுகள் சுத்தி உக்காந்திருக்கும். அய்யன் கத்தியைத் துடைச்சிட்டு எந்திரிச்சதும் இறங்கும். "அதுக்கும் நமக்கும் ஒரே தொழில்டா" என்பார். தோல் எங்களுக்கு, மிச்சம் அதுகளுக்கு, சுத்தம் ஊருக்கு. நாற்றம் மட்டும் எங்க பேரில்.

இயற்கைப் படப் போட்டிகளுக்கு ஒரு விதி உண்டு. இயற்கையின் கதையில் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தாலொழிய, மனிதத் தடயம் படத்தில் விழக்கூடாது. சரி. கழுகின் கதையில் எங்களைப் பிரிக்க முடியுமா? அந்த விதிவிலக்கே எங்களுக்காகத்தான். ஆனால் வெட்டப்படுவது எங்க கையும் கத்தியும்.

மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த பெரிய கலைஞர். 1950 முதல் கடைசிவரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிய பத்தியில் காக்கை, அணிலுக்கும் மரியாதை கொடுத்தார். காடு தொலைவில் மட்டும் இல்லை என்று அறிந்த கண் அது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் கொல்லை உள்ளவரின் கண். எங்களுக்கு ஏது கொல்லை? ஓடைப் பொறம்போக்குதான்.

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்தன. மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004ல் ஆய்வு வெளியானது. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. எங்க ஓடைக்கரையில் இப்போ நாய்தான் நிக்குது.

பழைய நாள் திரும்பணும் என்று நான் அழவில்லை. செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்று 1927ல் மகாடில் அம்பேத்கர் சொன்னார். அய்யன் கத்தியைக் கீழே போட்டது என் படிப்புக்காக. கழுகு திரும்பட்டும், அதுக்கு இரை போடுவது அரசின் வேலை, எந்தச் சாதியின் வேலையும் அல்ல.

'பிணந்தின்னி' இழிவான பேர் என்று 'பாறு' என்ற பழந்தமிழ்ப் பேரை இப்போது மீட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். பறவைக்குப் பேர் மாத்தத் தெரிந்த ஊர், அதே மாட்டைத் தூக்கிய எங்கய்யனைச் சாகும்வரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டது.

காமிரா தூக்கும் தோழர்களே, சட்டகத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். ஓரத்தில் ஆள் நிக்கிறோம்.