கோபல்லபுரத்தில் யார் பேசுகிறார்கள்?

சனங்கள் பேசுகிறபடி எழுது என்பதே கி.ரா.வின் எழுத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம். கரிசலுக்கென்று 1982இல் சொல்லகராதியே தொகுத்தவர். அவர் கட்டிய கற்பனை ஊரான கோபல்லபுரம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் சனங்கள் என்றால் யார்? 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில் பூர்வகதை சொல்கிற மங்கத்தாயாரு அம்மாள், கோட்டையார் வீட்டுப் பூட்டி. காட்டை அழித்து நிலமாக்கிக்கொண்டவர்களின் ஞாபகம் அது.

சிலமலையிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகளுக்கும் பூட்டிகள் உண்டுதானே? அந்தப் பூட்டிகளின் கதையில் ஊரை உண்டாக்கினவர் எவருமில்லை. கூலி இருக்கிறது, கங்காணி இருக்கிறான். அவன் முன்னால் ஒரு பேச்சு, ஜீப்பில் திரும்புகையில் வேறு பேச்சு. வட்டார வழக்கு என்று ஒரே பேரில் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறோம். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படம் இந்தச் சரிவில் ஏறியது. அங்கேயும் துண்டு நிலம் வாங்கத் துடிக்கிற ஆம்பளைதான் நடுவே நிற்கிறான்.