‘சாஃப்ட்’ என்னும் பெயரடையும் மென்புலத்து வழக்கும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் இறங்கிற்று. அச்செய்தியைத் தமிழில் எழுதியோர் பலர் அதனை ‘மென்மையான தரையிறக்கம்’ என்றனர். சிலர் ‘மென் தரையிறக்கம்’ எனச் சுருக்கினர். இது ‘சாஃப்ட் லேண்டிங்’ என்னும் ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு. ‘சாஃப்ட்’ என்றால் மென்மை என்று பள்ளிச் சிறுவனும் அறிவான். அவ்வறிவு இங்கே போதுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

அவ்விண்கலம் அதே ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள் புறப்பட்ட இடம் ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கே வங்கக்கடலும் மேற்கே பழவேற்காட்டேரியுமாக நடுவிற் கிடக்கும் மணல்திட்டு அது. அவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டினது; தென்பகுதி தமிழகத்தினது. தென்பகுதியிற்றான், பழவேற்காட்டூரை அடுத்து, நீர் சூழ்ந்த பசியாவரம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. ‘சாஃப்ட்’ என்னும் அடையைச் சோதித்தறிவதற்கு அவ்வூர்களைக் காட்டிலும் ஏற்ற களம் வேறில்லை. சேறு, மணல், நீர், நண்டு, மீன் ஆகிய அனைத்தின்மேலும் ஆங்கிலம் இவ்வொரு சொல்லையே ஏற்றுகின்றது. தமிழோ ஒவ்வொன்றற்கும் வேறு வேறு சொல் வைத்துள்ளது.

முதற்கண் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். இச்சொல் தொடுவுணர்விற் பிறந்து பிற பொருள்கட்குப் பரவியது என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் அமைதி, இதம், இடையூறின்மை என்னும் பொருள்களையே தந்தது. இதன் இனமாகிய ஜெர்மன் ‘சான்ஃப்ட்’ இன்றும் சாந்தம், இதம் என்ற பொருள்களிலேயே பெரிதும் வழங்குகின்றது. கைக்கு அமுங்குவது என்னும் பொருள் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்றான் தோன்றிற்று. ஆகவே தாழ்ந்த குரலையும் மங்கிய ஒளியையும் இரங்கும் நெஞ்சையும் இச்சொல்லால் சுட்டுதல் தொடுவுணர்விலிருந்து எடுத்த உருவகம் அன்று. இதம் என்னும் பழம்பொருளின் எச்சம் அங்கெல்லாம் உள்ளது. மென்மை என்பதை மூலப்பொருளாகவும் ஏனையவற்றைக் கிளைப்பொருளாகவும் கொண்டு மொழிபெயர்ப்போர் மரத்தைத் தலைகீழாக நட்டவர் ஆகின்றனர்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மெல்’ என்பதும் ஒருபொருட் சொல் அன்று. எழுத்திலக்கணத்தில் அது வல்லெழுத்துக்கு மறுதலை. செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணத்துக்கு எதிரே மெல்லிசை வண்ணம் நிற்கின்றது. ‘மெல்ல நடந்தான்’ என்புழி அது விரைவுக்கு மறுதலை. ‘மெல்லப் பேசினாள்’ என்புழி உரப்புக்கு மறுதலை. ‘மெலிந்தான்’ என்புழிப் பருமைக்கு மறுதலை. ‘மெலியார்’ என்புழி வலியார்க்கு மறுதலை. மறுதலை மாறுந்தோறும் பொருளும் மாறுதல் தெளிவு. இங்ஙனம் ஒரு சொல் பலபொருள் உணர்த்துதலைத் தொல்காப்பியர் உரியியலில் நுணுகி நோக்கியுள்ளார். தட, கய, நளி என்னும் மூன்றையும் பெருமைப் பொருளவாக வகுத்த அவர், அவற்றுள் ‘கய’ என்பது மென்மைப் பொருளும் தரும் என்று பிரித்தோதுகின்றார். பெருமையும் மென்மையும் ஒரு சொல்லில் அடங்குதல் வியப்பே எனினும், யானைக் கன்றைக் கயந்தலை என்றும் கயமுனி என்றும் சங்கப் புலவர் வழங்கிய இடங்களை நோக்கின் வியப்பு நீங்கும். மழ, குழ என்பன இளமைப் பொருளன என்று அவர் வேறு எடுத்தோதுதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. இளமையால் வரும் மென்மையை இளமைச் சொல்லாற் கூறுதல் தமிழின் இயல்பு. இளநீர், இளந்தளிர், இளகிய மனம் என்பவற்றை ஆங்கிலத்தார் கூறப் புகின், அவற்றுள் இரண்டிற்கேனும் ‘சாஃப்ட்’ என்றோ அதனை ஒத்த சொல்லாலோதான் கூறவேண்டிவரும்.

நெய்தலுக்கும் மென்மைக்கும் உள்ள உறவு பழையது. குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். மருதமும் நெய்தலும் மென்புலம். நெய்தல் நிலத் தலைவனை மெல்லம்புலம்பன் என்பது குறுந்தொகை, நற்றிணை, ஐங்குறுநூறு ஆகியவற்றிற் பயின்ற வழக்கு. அடி வைத்தால் அமிழும் நிலம் என்னும் நேர்ப்பொருளே அங்கு அடிப்படை. அழகுணர்ச்சி அதன்மேல் ஏறியது. ஆங்கில மீன்வள நூல்கள் ஏரித் தரையை ‘சாஃப்ட்’ என்று கூறும்போது கருதுவதும் இதுவே. ஆதலின் அவ்விடத்து ‘மென்தரை’ என்பாரைக் குறைகூற இயலாது. ஆயினும் அமிழும் நிலத்தை மென்தரை என்று மட்டும் கூறி நிறுத்துதல் தமிழுக்கு வறுமை. அளறு என்பது காலை உள்வாங்கும் சேறு. சதுப்பு என்பது நீர் ஊறிக் கிடப்பது. களி என்பது ஒட்டுவது. ‘பொதபொத’ என்பது அமுங்கிக் கொடுப்பது. ‘சொதசொத’ என்பது நீர் கசியும்படி ஊறியது. இவற்றை மொழியறிஞர் சிலர் இரட்டைக்கிளவி என்ற அளவில் ஒதுக்கிவிடுவர். சேற்றில் ஊன்றுகழி நட்டு வலை கட்டுவோனுக்கு இவ்வேறுபாடு சொல்லழகு அன்று; கழி நிற்குமா சாயுமா என்பதே இதில் உள்ளது.

மீனைப் பற்றிய வழக்கு இதனினும் கூரியது. மீன் வாணிகத்தில் ஆங்கிலத்தார் ஒரு மீனை ‘சாஃப்ட்’ என்பாராயின் அது குற்றம். விரலால் அழுத்திய குழி மீளாது நிற்குமாறு சதை தளர்ந்தது என்பது பொருள். அதனை ‘மென்மையான மீன்’ என்று பெயர்த்தால் வாங்குவோன் மகிழ்ந்து வாங்கிச் செல்வான்! பதங்கெட்ட மீன், சதை நைந்த மீன் என்பனவே ஈண்டுப் பொருந்தும். நைதல் என்பது முன்பு உறுதியாய் இருந்து பின்பு தளர்ந்ததைக் காட்டும். மென்மை என்பது இயற்கையைக் காட்டும். ஆங்கில அடை இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. தமிழிற் பெயர்க்கும்போது அவ்வேறுபாடு தானே வந்து நிற்கின்றது. பெயர்ப்போன் அதைக் கைவிடலாகாது.

நண்டின் நிலை வேறு. சேற்று நண்டு வளருந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றும்; புதிய ஓடு இறுகும்வரை அதன் உடல் தோல்போல் இருக்கும். உயிர்நண்டு வாணிகத்தில் அந்நிலையில் உள்ளது விலை குறைந்தது. உள்ளே சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும். அதே நண்டை ஓட்டோடு உண்ணும் வெளிநாட்டு உணவுச்சாலைகளில் அதற்கு விலை மிகுதி. அதற்கெனவே பண்ணைகளில் அதனை வளர்க்கின்றனர். ஒரே ‘சாஃப்ட்’ ஓரிடத்தில் இழுக்கு, ஓரிடத்தில் சிறப்பு. அதனால் ‘மென்னோடு’ என்பதினும் ‘இளவோடு’ என்பதே ஏற்றது என்பது எம் கருத்து. இளமை என்பது குற்றமும் அன்று, குணமும் அன்று. இறுகும் காலம் இன்னும் வரவில்லை என்ற உண்மையை மட்டும் அது கூறும்.

நீருக்கு வருவோம். பள்ளி நூல்கள் ‘மென்னீர்’, ‘கடினநீர்’ என்று இரண்டு கூறுகின்றன. சுண்ணச்சத்தும் மெக்னீசியச்சத்தும் மிகுந்து சவர்க்காரம் நுரைக்காத நீர் கடினநீர் எனப்படும். பசியாவரத்துச் சிறுவனுக்கு இப்பாடம் மயக்கம் தருவது இயல்பே. அவன் அறிந்த பிரிவு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்பது. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்திற் கொணரும் வெள்ளத்தால் ஏரியின் உவர்ப்புக் குறைதலும் கோடையில் அது மிகுதலும் அவன் கண்கூடாகக் காண்பன. ‘கடினம்’ என்பதோ அவனுக்குக் கணக்குப் பாடம்! வன்னீர் என்று இருந்திருப்பின் மெல்லினம், வல்லினம் என்ற இணையின் துணையால் அச்சொல் மனத்திற் பதிந்திருக்கும். மென்பொருள், வன்பொருள் என்ற கணினித்துறைச் சொற்கள் எளிதில் நிலைபெற்றமைக்கு அவ்விணையே காரணம் எனலாம். ஆங்கிலத்தில் ஆங்கே எதிர்நிற்பது எச்சொல் என்று கண்டு, தமிழிலும் அதற்கேற்ற எதிர்ச்சொல்லை வைத்தார்கள். குளிர்பானத்தைப் பற்றி மிகக் கூறவேண்டுவதில்லை. ஆங்கிலத்தார் மது அன்று என்று காட்ட ‘சாஃப்ட்’ என்றனர். நம் மக்கள் அதன் தண்மையை நோக்கிப் பெயரிட்டனர், கடைத்தெருவில் அதன் நிறத்தை நோக்கிக் ‘கலர்’ என்றும் கேட்டனர். எவர்க்கும் குறை ஒன்றும் நேரவில்லை.

இனி விண்கலத்திற்கு மீள்வோம். ‘சாஃப்ட் லேண்டிங்’ என்புழி மறுதலை யாது? தரை வன்மையானதா மென்மையானதா என்பது அங்கே வினா அன்று. கலம் வேகம் தணிந்து இறங்கிற்றா, மோதி வீழ்ந்ததா என்பதே வினா. விரைவுக்கு மறுதலையாகத் தமிழில் ‘மெல்ல’ என்னும் வினையடை பன்னெடுங்காலமாக உள்ளது. ‘மெல்லத் தரையிறங்கிற்று’ என்றிருப்பின் பசியாவரத்துக் கரையில் நின்று ஏவூர்தியின் புகையைக் கண்ட மூதாட்டிக்கும் விளங்கியிருக்கும். ‘மென்மையான தரையிறக்கம்’ என்பதில் ‘மெல்’ என்னும் பகுதி அதுவே; ஆனால் அதனைப் பண்புப்பெயராக்கி ‘ஆன’ சேர்த்து அடையாக்கியவுடன் வேகப்பொருள் மறைந்து தொடுபொருள் மேல்வந்தது. பிழை வேரில் இல்லை, ஈற்றில் உள்ளது.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதியபோது ‘கடினமான தரையிறக்கம்’ என்று எழுதப்பட்டதும் உண்டு. அது பெரும்பிழை. கடினம் என்பதற்குத் தமிழில் அருமை, இடர்ப்பாடு என்னும் பொருள் வலுத்துவிட்டது. கடினமாக இறங்கியது என்று படித்தவன், இடர்ப்பட்டேனும் இறங்கிவிட்டது என்றே கொள்வான். நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. ஒரு பெயரடையின் பெயர்ப்பால் தோல்வி வெற்றியாக ஒலித்தது.

கலைச்சொல் ஆக்குவோர் இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் நெறி இல்லையேல் துறைச்சொற்கள் ஒழுங்கு குலையும் என்பது அது. அம்மறுப்பு ஒரு துறைக்குள் பொருந்தும். கணினித்துறையில் ‘மென்’ எங்கும் ‘மென்’னாக இருத்தல் நன்று. துறை கடந்து அந்நெறியை நீட்டித்தால் நீர்வேதியியல், மீன்வாணிகம், நண்டு வளர்ப்பு, விண்ணியல் ஆகிய நான்கும் ஆங்கிலத்தின் ஒலியொற்றுமை ஒன்றால் தமிழிற் பிணைக்கப்படும். அப்பிணைப்பிற்குத் தமிழில் அடிப்படை இல்லை. துறைதோறும் மறுதலைச் சொல்லை முதலிற் கண்டு, அதன் எதிர் யாதென வினவிய பின்னரே பெயர்த்தல் வேண்டும். வல்லோடு என்பதற்கு எதிர் இளவோடு. புதுமீனுக்கு எதிர் நைந்த மீன். மோதி வீழ்தற்கு எதிர் மெல்ல இறங்குதல்.