பாஸ் நகர்ந்தால் கார்ட் மாறும்

வீட்டில் பிள்ளைகளின் கீபோர்டு இருந்தால் எடுத்து வையுங்கள். ச, அந்தர காந்தாரம், ப மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். மேஜர் கார்ட் என்பது இதுதான். பக்கத்தில் ஒருவரை உட்கார்த்தி, இடது கோடியில் ஒரே ஒரு கட்டையை மட்டும் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். அவர் ச தொட்டால் எல்லாம் ஊன்றி நிற்கும். சதுஸ்ருதி தைவதம் தொட்டால் அதே மூன்று ஸ்வரங்களில் ஒரு சோகம் ஏறும். சுத்த மத்தியமம் என்றால் திடீரென்று விசாலம். கைசிகி நிஷாதம் தொட்டாலோ உங்கள் கார்ட் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும். இத்தனைக்கும் உங்கள் விரல்கள் அசையவே இல்லை. பாஸ் கிட்டார்காரரின் அதிகாரம் இவ்வளவு பெரியது.

கணக்கு எளிது. ஏழு ஸ்வரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறினால் ச, க, ப, நி. அப்படியே மேல் ஸ்தாயிக்குள் போனால் ரி, ம, த. முதல் மூன்றும் கார்டின் உடம்பு. நி ஏழாவது. மேலே கிடைக்கும் ரி, ம, த மூன்றும் ஒன்பதாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது. ஜாஸ்காரர்கள் எக்ஸ்டென்ஷன், டென்ஷன் என்றெல்லாம் சொல்வது இவற்றைத்தான். மேஜர் கார்டின் மேல் சுத்த மத்தியமத்தை நிறுத்தினால் அரை ஸ்வரம் தள்ளியிருக்கும் காந்தாரத்தோடு உரசும். அதனால் அங்கே பிரதி மத்தியமத்தை விரும்புவார்கள். அடுக்கி முடித்துப் பார்த்தால் கல்யாணியின் ஸ்வரங்கள் அத்தனையும் கையில் இருக்கும்! கைசிகி நிஷாதம் தொட்டபோது நடந்ததும் இதுவே: அதை ஆதாரமாகக் கொண்டு எண்ணினால் உங்கள் ச ஒன்பதாவது, க கூர்மையான பதினொன்றாவது, ப பதின்மூன்றாவது. மூன்றுமே டென்ஷன்.

இனி பாட்டுக்கு வருவோம். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. நல்ல ஹெட்போன் வேண்டும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாஸைப் பின்தொடர்ந்து பழகிய காதுகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பீச் பாய்ஸ் குழுவின் 'காட் ஒன்லி நோஸ்' (1966) நல்ல தொடக்கம். பாஸ் பெரும்பாலும் கார்டின் ஆதார ஸ்வரத்தைத் தவிர்த்து வேறொன்றில் நிற்பதால், பாட்டு வீடு வந்து சேராமலே மிதக்கிறது.

அடுத்து ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' (1976) இசைத்தட்டு. தன் கிட்டாரை வினோதமாகச் சுருதி கூட்டி, எந்தப் பக்கமும் சாயாத கார்டுகளை வாசிப்பவர் அவர். பாஸ்காரர்கள் எப்போதும் ஆதார ஸ்வரத்தையே குத்திக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது வந்து சேர்ந்தவர் ஜாகோ பஸ்டோரியஸ். அந்த இசைத்தட்டிலுள்ள ஒன்பது பாடல்களில் நான்கில் வாசிக்கிறார். ஃப்ரெட் இல்லாத பாஸ் என்பதால் ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு வரும், ஏறக்குறைய நம் கமகம் போல. முதல் முறை 'கயோட்டி'யைக் கேட்கும்போது பாடகியை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கவனியுங்கள். இறங்கி ஆதாரத்தைத் தொட்டுவிட்டு உடனே உயரத்துக்குப் போய்விடுவார். அங்கே அவர் தொடும் ஸ்வரங்கள் குரலுக்குப் பதில் சொல்கின்றன.

உயரத்துக்கு ஏன் போக வேண்டும்? மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ச-வையும் க-வையும் சேர்த்து ஒலித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். இரண்டு ஸ்வரங்களோடும் சேர்ந்து எழும் மேல்தொனிகள் (ஓவர்டோன்) ஒன்றோடொன்று மோதும். காந்தாரத்தை ஒரு ஸ்தாயி தூக்கி வைத்தால் தெளிந்துவிடும். டென்ஷன்களுக்கும் இதே விதி. கீழே ஆதாரம், நடுவில் காலியிடம், மேலே வண்ணம். ஜாகோ 1976-இல் தன் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டிலுள்ள 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி' இதன் உச்சம். கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் ஒலிகளைக் கொண்டே முழு கார்டுகளைக் கட்டுகிறார். ஒற்றை பாஸ் கிட்டார்தான், வேறு வாத்தியம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. டென்ஷன் நிறைய இருந்தால் உயர்ந்த வாசிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இன்று இணையத்தில் பல இளம் பாஸ்காரர்கள் ஒன்பதையும் பதின்மூன்றையும் கொட்டி நிரப்புகிறார்கள். ஆதாரமே கேட்காதபோது எதிலிருந்து விலகினார் என்று காதுக்கு எப்படித் தெரியும்? டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்கள். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) பாட்டில் வெளி ஸ்வரங்களைக் கடந்து போகும் வழியில் தொடுவார், அடுத்த கார்டின் முதல் தட்டில் சரியாக வந்து இறங்குவார். வலுவான தட்டில் என்ன விழுகிறது, இடைத்தட்டில் என்ன நழுவுகிறது என்பதை மட்டும் கவனித்து அந்தப் பாட்டை இரண்டு முறை கேட்டால், 'ஹெஜிரா'வில் ஜாகோ எங்கெங்கே வேண்டுமென்றே இறங்காமல் இருக்கிறார் என்பதும் பிடிபடும்.