உப்பு மண்ணில் தீவனம்: நொய்யல் கரையும் யாழ்ப்பாணமும்

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், அதற்கு மேலும் போகும். துணி சாயத்தை வாங்கிக்கொள்ளும்; உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். திருப்பூரில் அது நொய்யல் ஆற்றோடு போய், 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்றானது. கிணற்றில் ஏற்கெனவே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் உப்பு கடலுடையது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலேறும்.

இரண்டு இடத்திலும் உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில்தான் தீவனம் வளர வேண்டும். நொய்யல் பாயும் கொங்கு நாட்டு விவசாயிக்கு மாட்டுத்தீவனம் என்றால் முதலில் சோளத்தட்டுதான். மண் பரிசோதனையில் இ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், dS/m) 6.8 வரை சோளம் விளைச்சல் குறையாமல் தாங்கும், மக்காச்சோளத்துக்கு 1.7 தாண்டினாலே விளைச்சல் இறங்கும். நம்பிக்கை தரும் கணக்கு. ஆனால் அது வளர்ந்த பயிருக்கான கணக்கு. விதை கிடப்பதோ மேல்மண்ணில். வெயிலில் ஈரம் ஆவியாக ஆக, உப்பு அங்கேதான் வந்து சேரும். அந்த உவரில் விதை தண்ணீர் குடிக்கத் திணறும், முளைப்பு தள்ளிப்போகும், முளைத்தாலும் குருத்து குட்டையாகி இலைநுனி கருகும். மழை ஈரத்தில் விதைப்பதும், உப்பு ஏறும் பாரின் உச்சியை விட்டுச் சரிவில் விதை ஊன்றுவதும் இதைத் தாண்டத்தான். மழையை நம்பியே கிடக்கும் காங்கேயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே கொழுக்கட்டைப்புல் வருஷக்கணக்கில் தூரோடு நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரும் அதற்குத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தார் விதையையே விட்டுவிட்டு வேறு வழி பிடித்திருக்கிறார்கள். வேலியில் பூவரசுக் கதியாலை (உயிர்வேலிக் கம்பை) நட்டு, தழைத்ததும் குழை வெட்டி ஆட்டுக்குப் போடுகிறார்கள். பூவரசு கடற்கரை மரம். உப்பு அதற்குப் புதிதல்ல. முளைக்கும் கண்டமே இல்லாத தீவனம்! எனக்கு இதுவே கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது; ஆனால் ஆட்டுக்குப் போதுகிற குழை கறவைமாட்டின் வயிற்றை நிரப்பாது. அதற்குப் புல் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் கோ 3 கடல் தாண்டி இலங்கைப் பண்ணைகளில் பரவியிருக்கிறது. அதுவும் விதைப்பதல்ல, கரணை நடுவது. கரணையில் கொஞ்சம் உணவும் ஈரமும் இருப்பதால் தொடக்கத்தில் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வேர்விட்ட பிறகு அதற்கும் உப்பு உப்புத்தான்.

நொய்யல் கரையில் சோளத்தை விட முடியாதவர்கள் விதைப்புக்கு முன் ஈரச்சாக்கில் சோதிக்கலாம்: நூறு விதையைக் கிணற்றுத் தண்ணீரிலும் நூறு விதையை மழைத் தண்ணீரிலும் நனைத்துச் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ண வேண்டும். எண்ணிக்கை மட்டும் குறைந்தால் விதையளவைக் கூட்டிக்கொள்ளலாம். முளைத்தவையும் குட்டையாகச் சுருண்டு கிடந்தால், கிணற்று மோட்டரைப் போடாமல் மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.