‘மேலுக்கு முடியல’ எந்தப் பாடத்தில் வருகிறது?

எங்கள் கீழப்பாவூர்ப் பக்கம் உடம்புக்கு ‘மேலு’ என்று பெயர். ‘மேலுக்கு முடியல’ என்றால் காய்ச்சலாக இருக்கலாம், பல நாள் அசதியாக இருக்கலாம், வீட்டுக் கவலையாகவும் இருக்கலாம். பீடித் தட்டை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண் இதைச் சொன்னால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் மென்திறன் என்கிறார்கள். ‘மென்’ என்ற சொல்லிலேயே அலட்சியம் தொடங்கிவிடுகிறது.

2018இல் இந்திய மருத்துவக் கவுன்சில் ‘ஏட்காம்’ கையேட்டை வெளியிட்டது. மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு பற்றி 27 பாடக்கூறுகள். 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்தது. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டுத்தான் அது தொடங்குகிறது. நல்ல கேள்விகள். ஆனால் நோயாளியைத் தொட்டே பார்க்காத முதலாண்டுப் பையனிடம் கேட்கிறார்கள். அவனே பிறகு எம்.டி. படிக்கும்போது, ராத்திரி ரெண்டு மணிக்கு வராந்தாவில் நிற்கும் மகளிடம், ‘அப்பாவக் காப்பாத்த முடியலம்மா’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடத்துக்கு வரும்போது பாடம் முடிந்துபோயிருக்கும்.

2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் ஆராய்ச்சி முறையியல், அறநெறி, இதய உயிர்காப்பு ஆகியவற்றில் பயிற்சியைக் கட்டாயமாக்குகின்றன. நோயாளியிடமும் உறவினரிடமும் முறையாகப் பேச வேண்டும் என்று பாடத்திட்டங்களும் அறிவுரை சொல்கின்றன. அதை யார் சொல்லித்தருவது, யார் சோதிப்பது? ‘சீனியரைப் பாத்துக் கத்துக்குவாங்க’ என்கிறார்கள். உண்மைதான். அதட்டுகிற சீனியரிடம் அதட்டலையும் சேர்த்துத்தானே கற்பார்கள்?

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. திருநெல்வேலி ‘ஐகிரவுண்டு’ ஆஸ்பத்திரிக்கு ராஜஸ்தானிலிருந்து ஒருவர் படிக்க வரலாம். ‘மேலு’ அவருக்கு எப்படிப் புரியும்? எம்.பி.பி.எஸ். அறிமுக வகுப்பில் வட்டார மொழிக்கு நேரம் ஒதுக்கியவர்கள், முதுநிலையின் கட்டாயப் பயிற்சிகளில் அதைச் சேர்க்கவில்லை.

விதிகளில் நான் மெச்சுவது, முதுநிலை மாணவர் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பதை. ஊர் மொழி காதில் விழுகிற இடம் அது. அதையும் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற வேலையாகக் குறுக்கிவிட்டால் பயனில்லை. பிரிட்டனில் பயிற்சி மருத்துவரை மதிப்பிடும்போது உடன் வேலைபார்க்கும் செவிலியர் உட்படப் பலரிடமும் கருத்துக் கேட்கிறார்கள். தென்காசியிலும் அப்படிக் கேட்கலாம். வார்டு சிஸ்டருக்குத் தெரியாததா, எந்த டாக்டர் சொன்னது நோயாளிக்குப் புரிந்தது, எவர் சொன்னதைத் தான் மறுபடி விளக்க வேண்டியிருந்தது என்று? அவர் சொல்லும் நாலு வார்த்தைக்கும் தேர்வில் மதிப்பெண் வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. மருத்துவப் படிநிலையில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மதிப்பிடலாம் என்று ஒப்புக்கொள்கிற மனசுதான் தேவை. தடையும் அங்கேதான் இருக்கிறது.