ஒரே வீச்சுக்குப் பரிசு: காசு யார் கையிலிருந்து?

டிஸ்க் கோல்ஃபில் எறிமேடையிலிருந்து வீசும் முதல் வீச்சிலேயே தட்டு சங்கிலிக் கூடைக்குள் விழுந்துவிட்டால் அதை ஏஸ் என்பார்கள். கோல்ஃபில் முதல் அடியிலேயே பந்து குழிக்குள் இறங்குவதற்கு இது இணை. ஆட்ட விதியைப் பொறுத்தவரை இதில் விசேஷம் எதுவும் இல்லை. மதிப்பெண் அட்டையில் ஒன்று என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கைதட்டலுக்கு மேல் வரும் பணம், விருந்து, கையெழுத்து எல்லாம் ஆடுபவர்கள் தாங்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். ஆகவே இவற்றை எடைபோட விதிப்புத்தகம் உதவாது. செலவு யார் தலையில் விழுகிறது, அதனால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

வழக்கங்களில் பழையது கோல்ஃப் மன்றங்களுடையது. தென்னிந்திய மலைகளுக்கு அந்த ஆட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. கொடைக்கானல் கோல்ஃப் மன்றம் 1895இல் தொடங்கியது. இடுக்கி மாவட்டத்து மூணாறில், கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் துரைமார்களுக்காக உருவான ஹை ரேஞ்ச் கிளப்புக்கு ஒன்பது குழி மைதானம் உண்டு. கோல்ஃப் உலகம் முழுக்கப் பரவிய மரபுப்படி, ஒரே அடியில் குழி போட்டவர் அன்று மன்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் தம் செலவில் மது வாங்கித் தர வேண்டும். பரிசு பெற வேண்டியவரே பணம் கட்டுகிறார்.

தமிழருக்கு இது புரியாத வழக்கம் அல்ல. புது பைக் வாங்கியவனிடம் நண்பர்கள் ட்ரீட் கேட்பதும் இதே நியாயத்தில்தான். அதிர்ஷ்டம் ஒருவருக்கு வந்தால் அதில் ஒரு வாய் எல்லோருக்கும் போக வேண்டும், அப்போதுதான் பொறாமைக்கு இடமிருக்காது. தோற்றவரும் அன்று சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார். மன்றத்தின் சின்ன வட்டத்துக்குள் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அந்தச் சாதனை எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிட்டால்தான் சிக்கல் தெரியும். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழியில் சாதாரண ஆட்டக்காரர் முதல் அடியிலேயே பந்தை இறக்க 12,500இல் ஒரு வாய்ப்பு, தொழில்முறை வீரருக்கு 2,500இல் ஒன்று என்பது அமெரிக்காவில் இந்தச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பின் மதிப்பீடு. ஒரு முழு ஆட்டத்தில் அத்தகைய குழிகள் நான்கு என்றால், வாரம் ஒரு முறை ஆடுபவர் சராசரியாக 60 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஹை ரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடச் சுவரில் தொப்பி மாட்டும் பெருமை 30 ஆண்டு தோட்டப் பணி முடித்தவர்களுக்கு உரியது. அதைப்போல் இரண்டு மடங்கு காலம் இது. வாழ்நாளில் ஒரு முறை வரக்கூடிய நாளில் கையில் பில்லோடு நிற்பது கொஞ்சம் வேடிக்கைதான். கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த பில் வேடிக்கையாகவும் இருக்காது. குடிக்காதவருக்கு இந்த மரபில் இடமே இல்லை என்பது வேறு விஷயம்.

ஜப்பானில் இந்தச் சுமை அளவு கடந்து போயிற்று. அங்கே ஒரே அடியில் குழி போட்டவர் விருந்து வைக்க வேண்டும், நண்பர்களுக்கு நினைவுப் பரிசு அனுப்ப வேண்டும், மைதானத்தில் மரம் நட வேண்டும், பை சுமந்தவருக்கும் கவனிப்பு செய்ய வேண்டும். செலவுக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் அதற்கென்றே காப்பீடு எடுக்கிறார்கள். இந்தியாவிலும் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கான பாலிசிகளில் இந்தக் கொண்டாட்டச் செலவு ஒரு வரியாக இருக்கிறது. வெற்றியை விபத்து, திருட்டு வரிசையில் சேர்த்துக் காப்பீடு செய்யும் நிலை வந்தபின் அந்த வழக்கத்தைப் பரிசு என்று சொல்வது கஷ்டம்.

டிஸ்க் கோல்ஃப் பிறந்த சூழல் வேறு. எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். இன்று எங்கும் இருக்கும் சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. பொதுப் பூங்கா, சில தட்டுகள், பெரும்பாலும் இலவச நுழைவு. மதுக்கூடமோ உறுப்பினர் கட்டணமோ இல்லாத இந்த ஆட்டத்தில், ஜெயித்தவர் எல்லோருக்கும் வாங்கித் தருவது என்ற மரபு அப்படியே வேர்விட இடமில்லை. அதன் எதிர்ப்பக்கம்தான் வழக்கமாயிற்று. எல்லோரும் சேர்ந்து ஜெயித்தவருக்குக் கொடுக்கிறார்கள்.

இதற்கு ஏஸ் நிதி என்று பெயர். வாராந்திர ஆட்டத்துக்குப் பெயர் பதியும் மேசையில் ஒவ்வொருவரும் ஒரு டாலரோ இரண்டோ டப்பாவில் போடுவார்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு டிக். அன்று யாராவது ஏஸ் போட்டால் டப்பாவில் உள்ளது அவருக்கு. இருவர் போட்டால் பாதிப் பாதி. யாரும் போடவில்லை என்றால் பணம் அடுத்த வாரத்துக்குப் போகும். டிக் இல்லாதவர் ஏஸ் போட்டால் கைகுலுக்கல் மட்டுமே. இரண்டு டாலர் மிச்சம் பிடித்த அன்று பார்த்துத் தட்டு சங்கிலியில் விழும் கதை எந்தக் குழுவிலும் ஒன்றாவது இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் பலம் தெளிவானது. செலவு முன்கூட்டியே, சிறு சிறு பங்காக, விரும்பியவரிடமிருந்து மட்டும் வருகிறது. 30 பேர் வாரம் 20 ரூபாய் போட்டால் பத்து வாரத்தில் 6,000 ரூபாய் சேரும். போட்டவர் யாருக்கும் வலிக்காது, வாங்குபவருக்கு ஒரு நல்ல தொகை. கோல்ஃப் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இதுவே நியாயமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குறை பணம் வரும் வழியில் இல்லை, அது குவியும் விதத்தில் இருக்கிறது.

டிஸ்க் கோல்ஃபில் கூடைக்கு அருகே பத்திரமாகத் தட்டை இறக்கி, அடுத்த வீச்சில் முடிப்பது ஒரு வழி. சங்கிலியைக் குறிவைத்து முழு வேகத்தில் நேராக வீசுவது இன்னொரு வழி. பின்னதில் தட்டு தவறினால் கூடையைத் தாண்டிப் போகும். இடுக்கி போன்ற சரிவான நிலத்தில் அது விளிம்பில் எழும்பி, சக்கரம்போல் உருண்டு புதருக்குள் இறங்கிவிடும். ஒரு வீச்சில் முடிந்திருக்க வேண்டிய மிச்சம் மூன்றாகும். டப்பாவில் 600 ரூபாய் இருக்கும்போது யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. 6,000 ஆனதும் யோசிக்கிறார்கள். அன்றைய போட்டியில் முதலிடத்துக்குப் போராடும் இருவர் கவனமாக ஆட, பின்தங்கிய மற்ற எல்லோரும் ஒவ்வொரு குட்டைக் கூடையிலும் டப்பாவுக்காக வீசுகிறார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் நடக்கின்றன. போட்டியை நடத்துபவருக்கும் கூடைகளை அருகில் வைத்து ஏஸ் விழ வைக்கும் ஆசை வரும்.

இன்னொரு குறை சத்தமில்லாதது. தேர்ந்தவருக்கு வாய்ப்பு கூடுதல். கோல்ஃப் மதிப்பீட்டின்படி பார்த்தால் தொழில்முறை வீரரின் வாய்ப்பு சாதாரண ஆட்டக்காரருடையதைப்போல் ஐந்து மடங்கு. டிஸ்க் கோல்ஃபில் கூடைகள் அருகில் இருப்பதால் ஏஸ் அடிக்கடி விழும், ஆனால் கூடை வரை நேராக வீசத் தெரியாத புதியவருக்கு அது எட்டாது. எல்லோரும் ஒரே தொகை போடுகிறார்கள், எடுப்பவர்கள் பெரும்பாலும் அதே நான்கைந்து பேர். புதியவர்கள் வாராவாரம் பழையவர்களின் பரிசுக்கு நிதி கட்டுகிறார்கள் என்று சொன்னால் மிகையல்ல.

பணமில்லாத வழக்கம் ஒன்றும் உண்டு, அதில் குறை காண்பது அரிது. ஏஸ் போட்ட தட்டில், கூட இருந்து பார்த்தவர்கள் எல்லோரும் அழியாத மையில் கையெழுத்திட்டு, தேதியும் கூடை எண்ணும் தூரமும் எழுதிக் கொடுப்பார்கள். தட்டு வீட்டுச் சுவருக்குப் போகும். ஒருவரின் சாதனைக்கு மற்றவர் சாட்சி என்பது இதில் கண்கூடு. பொய்ச் சாதனைக்கும் இடமில்லை. போட்டது தம் மிகப் பிடித்த தட்டாக இருந்தால் அதைச் சுவரில் மாட்டுவதா, தொடர்ந்து வீசுவதா என்ற தர்மசங்கடம் மட்டும் மிஞ்சும். பலர் கையெழுத்தோடேயே வீசிக்கொண்டிருப்பார்கள்.

பார்ப்பவர் கொடுப்பதும், பார்ப்பவருக்குக் கொடுப்பதும் பரிசு வழக்கத்தின் வேறு வடிவங்கள். தமிழ்நாட்டுக் கபடிப் போட்டிகளில் ஒரு நல்ல ரெய்டு முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு வரும்: இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு. திறமையைக் கண்ணெதிரே கண்டு, சூடு ஆறாமல் கொடுப்பது இதன் அழகு. ஆடியவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர்தான் ஒலிபெருக்கியில் உரக்கக் கேட்கும் என்பது இதன் குறை. தலைகீழ் வடிவம் 2015இல் அமெரிக்காவின் கிரீன்பிரையர் கோல்ஃப் போட்டியில் நடந்தது. 18ஆம் குழியில் யாராவது ஒரே அடியில் போட்டால் அங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 100 டாலர், இரண்டாவதாக ஒருவர் போட்டால் 500 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். ஜார்ஜ் மெக்னீல் போட்டார், பிறகு ஜஸ்டின் தாமஸும் போட்டார். சுமார் 2 லட்சம் டாலர் பட்டுவாடா ஆயிற்று. காப்பீட்டு நிறுவனமோ பணம் தர மறுத்தது. பாலிசியில் குறித்த தூரத்தைவிடக் குறைவாக, 137 கெஜத்தில் அன்று அந்தக் குழி ஆடப்பட்டிருந்தது. நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அடித்தவரும் கொடுத்தவரும் பேசப்படும் இடத்தில் மூன்றாவது ஒருவர் விடுபடுகிறார். மலை மைதானங்களில் பந்து எங்கே போனது என்று கண்வைத்துப் பார்த்து, குழிக்குள் கிடப்பதை முதலில் கண்டு குரல் கொடுப்பவர் பெரும்பாலும் பை சுமந்து வந்தவர்தான். அவருக்கு என்ன கிடைக்கும் என்பது அடித்தவரின் மனசைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் தினமும் நடக்கும் வேறொரு வியாபாரம் கோல்ஃபைவிட ஒழுங்காக இருக்கிறது. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அதன்பின் வாளையாறு, குமுளி போன்ற எல்லை ஊர்களின் கடைகளுக்குத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் ஏராளம். 2023இல் 25 கோடி ரூபாய் திருவோணம் பம்பர், வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர் பங்கு போட்டு வாங்கிய 500 ரூபாய்ச் சீட்டு அது. அப்போதைய கேரள லாட்டரி விதிப்படி பரிசில் பத்து விழுக்காடு, அதாவது 2.5 கோடி, சீட்டு விற்ற முகவருக்குரியதாக இருந்தது. பரிசு கிடைக்க உதவியவருக்குப் பங்கு எவ்வளவு என்பதை வென்றவரின் பெருந்தன்மைக்கு விடாமல் விதியே வகுத்துவிடுகிறது. பை சுமப்பவருக்கு இப்படி ஒரு விழுக்காட்டை எழுதி வைக்க எந்த மன்றத்துக்கும் தடை இல்லை.

லாட்டரியை ஒப்பிட்டதால் இன்னொரு கேள்வியும் எழும். ஏஸ் நிதி சூதாட்டமா? கேரளத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டமும், எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் சூதாட்டத்தைத் தடுக்கின்றன. இரண்டுமே திறமை ஆட்டங்களுக்கு விலக்கு தருகின்றன. சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த அளவுகோல், ஆட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா என்பது. டிஸ்க் கோல்ஃப் முழுமையாகப் பார்த்தால் திறமை ஆட்டம்தான். தனி ஒரு ஏஸ் அப்படியல்ல. கையை விட்டுத் தட்டு போனபின் சங்கிலி அதைப் பிடிப்பதா, வெளியே துப்புவதா என்பதில் காற்றுக்கும் பங்குண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வீசிப் பார்ப்பவர் இதை மறுக்க மாட்டார். சிறு தொகைக்கு இந்தக் கேள்வியை யாரும் எழுப்பப் போவதில்லை. தொகை வளர வளர அது வலுக்கும்.

பெரிய தொகை ஆட்டக்காரரின் தகுதியையே மாற்றியிருக்கிறது. 1992இல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் ஜேசன் போன், ஒரு போட்டியில் ஒரே அடியில் குழி போட்டு பத்து லட்சம் டாலர் வென்றார். அதை வாங்கிக்கொண்டதால் அமெச்சூர் தகுதியை இழந்து, கல்லூரி ஆட்டத்தை விட்டுத் தொழில்முறைக்குப் போனார். முழு ஆட்டத்தின் நடுவே விழும் ஒரே அடிக்கு அமெச்சூர்களும் பணப் பரிசு வாங்கலாம் என்று 2012இல் கோல்ஃப் விதி தளர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் சாதிக்க முடியாத ஒன்றுக்காக ஒருவரின் தகுதியைப் பறிப்பது அபத்தம் என்பதை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டு பிடித்திருக்கிறது.

மீதி இருப்பது பருவ முடிவில் யாரும் எடுக்காத டப்பாப் பணம். சில குழுக்கள் அதை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோகும். அப்போது குவியல் இன்னும் பெருகி, மேலே சொன்ன கோளாறுகளும் பெருகும். சில குழுக்களில் பணம் போட்டவர் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஆளுக்கொரு வீச்சு வீசி, கூடைக்கு மிக அருகில் இறக்கியவர் எடுத்துக்கொள்வார். இதில் மாலை கலகலப்பாகப் போகும், புதியவருக்கும் கொஞ்சம் வாய்ப்பு கிடைக்கும். இதைவிட நல்லது உச்ச வரம்பு. டப்பாவில் உள்ளது குறித்த தொகையைத் தொட்டதும், அதற்குமேல் வருவது சங்கிலி மாற்றவும் எறிமேடைக்கு சிமென்ட் போடவும் போக வேண்டும். மழைக்காலத்தில் சேறாகும் மேடையில் கால் வழுக்கியே பாதி வீச்சுகள் கோணலாகப் போகும் மலைப் பகுதியில், அந்தப் பணத்தால் முதலில் பலன் பெறுபவர் ஏஸ் போடவே வாய்ப்பில்லாத புதியவர்தான்.